சாக்பீஸ் கோடும் என் முதல் ஸ்போர்ட்ஸ் பைக்கும்

4 மார்ச் 2023, சனி

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. அடுத்தது வண்டி. ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு யோசனையே கிடையாது. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் நான் வரைந்து வைத்தது யமஹா ஆர்6. 1999-ல் வந்த வண்டி, என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதன் முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன்.

சித்தப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. “வாங்கலாம்மா. ஆனா ஒரு மாசம் பொறு. பாக்குற வண்டி, ஓட்டுற வண்டி, கால் எட்டுச்சா, கை எங்க வலிச்சுது, எல்லாத்தையும் தேதி போட்டு எழுது. மாசக் கடைசியிலயும் ஆர்6தான்னு எழுதியிருந்தா நானே கூட வர்றேன்” என்றார்.

சரி என்றேன். இது முதல் பக்கம்.

5 மார்ச், ஞாயிறு

தோழியின் அண்ணன் ஆர்6 வைத்திருக்கிறார். இன்று முதல்முறையாக அதன்மேல் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. டேங்க் மேல் குனிந்ததும் கை தானாகத் தாழ்வான க்ளிப்-ஆன் கைப்பிடிகளுக்குப் போய்விடுகிறது. இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று இருந்தது.

என் உயரம் 160 செ.மீ. அந்த வண்டியின் இருக்கை தரையிலிருந்து 850 மி.மீ. இரண்டு காலும் விரல் நுனியில்தான் நின்றன. “அப்படியே ரெண்டடி பின்னால உருட்டிப் பாரும்மா” என்றார் அண்ணா. நிமிர்ந்து நிற்கும்வரை 190 கிலோ இருப்பதே தெரியவில்லை. இடப்பக்கம் ஒரு சாண் அளவு சாய்ந்தது, அவ்வளவுதான். மொத்த எடையும் என் இடது கெண்டைக்காலில் வந்து இறங்கியது. விரல் நுனியில் நிற்கிறவளால் அதைத் திருப்பி நிமிர்த்த முடியாது. அண்ணா பின்பக்கம் பிடித்துக்கொண்டதால் கீழே போகவில்லை.

எஞ்சின் ஓடவில்லை, சாவிகூடப் போடவில்லை. அதற்குள் இப்படி.

9 மார்ச், வியாழன்

நான்கு நாளாக மனசு ஆறவில்லை. அண்ணாவிடம் போனில் நிறையக் கேட்டேன். அவர் சொன்ன ஒன்று தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது: “என் வண்டி முதல் கியர்லயே நூறைத் தாண்டும். சிட்டில நான் ரெண்டாவது கியரைத் தாண்டறதே அபூர்வம்.”

உட்கார்ந்து கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஆர்6 எஞ்சின் 599 சிசி, நான்கு சிலிண்டர். சுமார் 117 குதிரைத்திறன். ஆனால் அந்தத் திறன் முழுதாகக் கிடைப்பது 14,500 ஆர்.பி.எம்.-ல், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றும்போது. முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், உச்சத்துக்குப் போவது 10,500-ல். சாதாரணச் சாலையில் சாதாரணமாக ஓட்டும்போது முள் நாலாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில்தான் இருக்கும். அங்கே அந்த வண்டி தூங்குகிறது. எழுப்ப வேண்டுமென்றால் சட்டம் அனுமதிக்கும் வேகத்தை முதல் கியரிலேயே தாண்ட வேண்டும்.

கவாஸாகி நிஞ்ஜா 400-ஐ எடுத்துக்கொண்டால் 399 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 45 குதிரைத்திறன். முறுக்குவிசை உச்சம் 8,000-ல். அதாவது நான் தினமும் இருக்கப்போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் பலம் இருக்கிறது. கியர் மாற்றி, முறுக்கி, முழுதாகப் பயன்படுத்திப் பழகலாம்.

இன்னொன்றும் உண்டு. புதிதாக ஓட்டுகிறவர்களின் வலது மணிக்கட்டு நிலையாக இருக்காது. பள்ளத்தில் வண்டி குலுங்கினால் உடம்பு பின்னால் போகும், கை கைப்பிடியை இறுகப் பிடிக்கும், த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொஞ்சம் திரும்பிவிடும். நாற்பத்தைந்து குதிரைத்திறன் உள்ள வண்டி அதை ஒரு சின்ன இழுப்போடு மன்னித்துவிடும். எஞ்சின் விழித்திருக்கும் நேரத்தில் ஆர்6 மன்னிக்காது.

ஐரோப்பாவில் 2013 முதல் ஏ2 என்ற உரிமம் இருக்கிறது. 35 கிலோவாட்வரை, அதாவது 47 குதிரைத்திறன்வரை உள்ள வண்டிதான் ஓட்டலாம். 24 வயதுக்குக் கீழே என்றால் இரண்டு வருடம் அதில் ஓட்டிய பிறகுதான் பெரிய வண்டி. முதலில் படித்தபோது கோபமாக வந்தது. இன்று கணக்குப் போட்ட பிறகு அந்த 47 எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது.

ஆனாலும் நோட்டில் ஆர்6 என்ற பெயரை இன்னும் அடிக்கவில்லை. அடிக்கக் கை வரவில்லை.

12 மார்ச், ஞாயிறு

பயிற்சி வகுப்பின் முதல் நாள். பெரிய காலி மைதானம், கற்றுக்கொடுக்க வைத்திருக்கும் பழைய 150 சிசி வண்டி, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. பயிற்சியாளர் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். “நாப்பதுல வாங்க. முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக். எங்க நிக்கறீங்கன்னு நான் தப்படி வச்சு அளக்கறேன்.”

முதல் முறை பின் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டு ஒரு பக்கமாக வழுக்கியது. 17 தப்படி. தரையில் கறுப்பாக ஒரு தடம். அது என் டயர் போட்டது.

அவர் உட்காரவைத்து விளக்கினார். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. அதனால் முன் டயருக்குப் பிடிமானம் கூடுகிறது, பின்சக்கரத்துக்குக் குறைகிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆனால் வெடுக்கென்று பிடித்தால் எடை முன்னால் போய்ச் சேர்வதற்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிவது போல, முதலில் மெல்ல, பிறகு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவை செய்தேன். கடைசியில் 14 தப்படி வந்தது.

இரவு வீட்டுக்கு வந்து ஹர்ட் அறிக்கையைப் பற்றிப் படித்தேன். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்டது. விபத்தில் மாட்டியவர்கள் பெரும்பாலும் பின் பிரேக்கை அதிகமாக அழுத்திச் சறுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. காலையில் நான் செய்த அதே காரியம். அவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டார், நண்பர்கள் சொல்லித்தந்தோ ஓட்டக் கற்றவர்கள்.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு வரி. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விபத்தில் சிக்கிய அந்த வண்டியோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. சாலையில் ஓட்டிய அனுபவம் என்று பார்த்தால் ஏறக்குறைய மூன்று வருடம் இருந்திருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர்களுக்கே வண்டி புதிது என்றால் இந்த நிலை. எனக்கு ஓட்டுவதும் புதிது, வண்டியும் புதிதாக இருக்கப்போகிறது.

ஆர்6-ஐ இன்று அடித்துவிட்டேன். அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

15 மார்ச், புதன்

வண்டிக்கு முன்னால் ஹெல்மெட் வாங்கினேன். இரண்டு கன்னமும் மெத்தையில் அழுந்த வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். வீட்டில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், நெற்றியில் வலிக்கிறதா என்று பார்க்க. கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், தோளிலும் முழங்கையிலும் பாதுகாப்புத் திண்டு வைத்த ஜாக்கெட். வண்டிக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கு இதிலேயே போய்விட்டது. அம்மா முதல்முறையாக இந்த விஷயத்தில் ஒரு நல்ல வார்த்தை சொன்னாள்.

18 மார்ச், சனி

இன்று ஒரே நாளில் மூன்று வண்டி ஓட்டிப் பார்த்தேன். சித்தப்பா கூடவே வந்தார்.

கேடிஎம் ஆர்சி 390: 373 சிசி, ஒற்றை சிலிண்டர். துள்ளலான வண்டி, வளைவில் நினைத்த இடத்துக்குப் போகிறது. ஆனால் மெதுவான வேகத்தில் உதைத்து உதைத்து ஓடுகிறது. இருக்கை உயரம், கைப்பிடி தாழ்வு, கால் வைக்கும் பெடல் பின்னால். இருபது நிமிடத்தில் மணிக்கட்டு எரிந்தது.

யமஹா ஆர்3: 321 சிசி, இரண்டு சிலிண்டர், இருக்கை 780 மி.மீ. உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆர்6-ன் சாயல் முகத்தில் அப்படியே இருக்கிறது. இறங்க மனமே வரவில்லை.

நிஞ்ஜா 400: இருக்கை 785, எடை சுமார் 168 கிலோ. கிளட்சைப் பிடித்ததும் அறுந்துபோன கேபிளோ என்று பயந்துவிட்டேன், அவ்வளவு லேசு. இரண்டு விரல் போதும். அதில் ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறது. பதற்றத்தில் ஒரு கியர் அதிகமாகக் குறைத்துவிட்டாலும் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. இன்று ஒரு திருப்பத்தில் நான் அதைத்தான் செய்தேன். வண்டி லேசாக முனகியது, அவ்வளவுதான்.

மணிக்கட்டு வலிக்குச் சித்தப்பா ஒரு வழி சொன்னார்: “கைல சாயாதே. முட்டியால டேங்கை இறுக்கிப் பிடி. கை சும்மா இருக்கணும்.” செய்து பார்த்தேன். வலி பாதியாகக் குறைந்தது. ஸ்டியரிங்கும் திடீரென்று லேசாகிவிட்டது. இதுவரை நான்தான் அதை இறுக்கிப் பிடித்துத் திரும்பவிடாமல் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

25 மார்ச், சனி

செகண்ட் ஹேண்ட்தான் வாங்குவது என்று முடிவு. முதல் வருடத்தில் எப்படியும் ஒருமுறையாவது நின்ற இடத்தில் சாயும் என்கிறார்கள். புது ஃபேரிங்கில் (வண்டியின் வெளி உறையில்) முதல் கீறல் விழுவதைத் தாங்கும் மனசு எனக்கு இல்லை.

இன்று பார்த்த வண்டி படத்தில் பளபளவென்று இருந்தது. போய் எஞ்சினைத் தொட்டேன், சூடாக இருந்தது. நாங்கள் வரும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார்கள். சித்தப்பா டார்ச் அடித்துக் காட்டினார்: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிந்த வளையம். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண் 1416. 2016-ன் பதினான்காவது வாரத்தில் செய்த டயர், ஏழு வருடப் பழசு. கோடுகள் ஆழமாகத்தான் இருக்கின்றன, ரப்பர் கட்டையாகிவிட்டது.

அப்புறம் ஒன்று காட்டினார், அதை நானாக ஒருநாளும் பார்த்திருக்க மாட்டேன். கைப்பிடியை முழுதாகத் திருப்பினால் ஃப்ரேமில் ஒரு சின்ன முட்டு அதைத் தடுத்து நிறுத்தும். அந்த முட்டு ஒரு பக்கம் நசுங்கி, மேலே புதுப் பெயின்ட். பலமாக விழுந்திருக்கிறது. “விழுந்ததா?” என்று கேட்டோம். இல்லை என்றார் விற்பவர். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

2 ஏப்ரல், ஞாயிறு

நிஞ்ஜா 400. 2019 மாடல், ஏபிஎஸ் உள்ளது, 11,000 கி.மீ. ஓடியது. எஞ்சின் குளிர்ந்திருந்தது, முதல் அழுத்தலில் ஸ்டார்ட் ஆனது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கைப்பிடியை மெல்லத் திருப்பினோம், எங்கேயும் சிக்கவில்லை. இடது கைப்பிடி முனையில் ஒரு கீறல் உண்டு. நாங்கள் கேட்கும் முன்பே விற்றவர் சொல்லிவிட்டார்: வீட்டு வாசலில் சைட் ஸ்டாண்ட் சரியாக இறங்காமல் சாய்ந்தது என்று. எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சித்தப்பா நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆர்6 அடித்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.

9 ஏப்ரல், ஞாயிறு

காலையில் அதே மைதானம், என் வண்டி. சாக்பீஸ் கோட்டை நானே போட்டேன். சித்தப்பா தப்படி வைத்து அளந்தார். நாற்பதில் வந்து பிடித்தேன்: 13. மறுபடி: 13. மூன்றாவது முறை இன்னும் அழுத்தினேன். பிரேக் லீவர் விரலுக்கடியில் துடிதுடித்தது, ஏபிஎஸ் வேலை செய்கிறது. பயந்து கையை விட்டுவிட்டேன், வண்டி எங்கேயோ போய் நின்றது. “துடிச்சாலும் விடாதே” என்றார். நான்காவது முறை விடவில்லை. 12.

அடுத்த வாரம் அறுபதில் செய்ய வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்கு, கணக்குப்படி 27 தப்படி வரும். செயினில் எண்ணெய் காய்ந்திருக்கிறது, இன்று மாலை அதைத் துடைத்துப் போட வேண்டும். சாக்பீஸும் தீர்ந்துவிட்டது.