பசியாறுவதற்கு முன்னால் மாத்திரை

"வெறும் வயித்துல இத்தனை மாத்திரை போட்டா குடல் வெந்துடும்டி." காசநோய்க்கு மருந்து தொடங்கிய நாள்முதல் அம்மா இதைத்தான் சொல்கிறார். எந்த மாத்திரையானாலும் சாப்பிட்ட பிறகுதான் என்று பழகியவர். பலதுறை மருந்தகத்துக்குக் கிளம்பும் முன்பே நெய் பரோட்டாவும் தேத்தண்ணியும் ஆகிவிட வேண்டும் அவருக்கு.

இங்கே தாதியின் கண் முன்னால்தான் மாத்திரைகளை விழுங்க வேண்டும். ஆனால் உள்ளே போன மருந்து முழுசாக ரத்தத்தில் சேருகிறதா என்பது நாம் எப்போது சாப்பிட்டோம் என்பதையும் பொறுத்தது. கொழுப்பான சாப்பாடு இரைப்பையில் வெகுநேரம் தங்கும். மருந்தும் அதோடு தங்கிவிடும், சிறுகுடலுக்குத் தாமதமாகத்தான் போகும். அம்மாவின் காசநோய் மாத்திரைகளில் முக்கியமானவை ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு. அப்படிச் சாப்பிட்டவுடன் போட்டால் ஐசோனியசிட் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிஃபாம்பிசினுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். பைரசினமைடுக்குப் பெரிய பாதிப்பில்லை. ரிஃபாம்பிசின் உச்சம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நன்றாகக் கிருமியைக் கொல்லும் மருந்து. அதைப் பரோட்டாவுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் இப்போது மருந்தகத்தில் வெறும் தண்ணீரோடு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துக் காப்பிக்கடையில் பசியாறல். மாத்திரைக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு அம்மா குடிக்கும் வெள்ளை மருந்தையும் அந்த நேரத்தில் தள்ளி வைத்திருக்கிறோம், அதுவும் சில மாத்திரைகளை உறிஞ்ச விடாது.

உறவுக்காரர்கள் வேறு, ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் இல்லாமல் இந்த நோய் தீராது என்கிறார்கள். சத்தான சாப்பாடு வேண்டும்தான், அம்மா இளைத்துப்போயிருக்கிறார். ஆனால் நோயைத் தீர்ப்பது மருந்து. 1959இல் வெளிவந்த சென்னை ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகள், சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், நல்ல சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். நம் ஊர் மக்களிடம் நிரூபித்த விஷயம் இது என்று அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் நேரம் யோசித்தார்.

சரி, வெறும் வயிற்றில் குமட்டி வாந்தி வந்தால்? அப்போது பிடிவாதம் வேண்டாம். நாலு பிஸ்கட்டோ ஓர் இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போடலாமா என்று தாதியிடம் கேளுங்கள். உச்ச அளவு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மருந்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. வாந்தி நிற்காவிட்டாலோ கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்துகள் கல்லீரலையும் பாதிக்கலாம்.