அரையாண்டில் 38, பொதுத்தேர்வில் 61: பிளஸ் டூ இயற்பியல் எழுதிய அனுபவம்

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 38 வாங்கினேன். படிக்காமல் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். பதினோரு பாடத்தையும் இரண்டு தடவை முடித்திருந்தேன். எங்கள் ஊர் பல்லடம் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக் குடோன். அந்தச் சத்தத்திலேயே ராத்திரி பதினொரு மணி வரை படித்தவள் நான்.

சார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து விடைத்தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நன்றாகத் தெரியும் என்பதால் வான் டி கிராப் மின்னியற்றியைத்தான் முதலில் எழுதியிருந்தேன். படத்துக்கு நிழல் எல்லாம் தீட்டி, முக்கால் மணி நேரம். அதற்கு மொத்தமே 5 மதிப்பெண். கடைசியில் மூன்று மதிப்பெண் வினா இரண்டைத் தொடக்கூட நேரமில்லை.

33ஆம் வினா கட்டாயக் கணக்கு. குழியாடியின் குவியத்தூரம் 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தொலைவில், பிம்பம் எங்கே? கார்ட்டீசியன் குறியீட்டு மரபுப்படி ஆடிக்கு முன்னால் உள்ள தூரத்துக்கெல்லாம் எதிர்க்குறி (−), அதனால் இரண்டுக்குமே அது வர வேண்டும். அவசரத்தில் குவியத்தூரத்துக்கு மட்டும் போட்டுவிட்டேன். ஆடிக்கு முன்னால் 30 செ.மீ. என்று வர வேண்டியது 6 என்று வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, பொருள் குவியத்துக்கும் வளைவு மையத்துக்கும் நடுவுல இருக்குது. பிம்பம் வளைவு மையத்தைத் தாண்டித்தான உழுகோணும்? ஆறு எப்படி வரும்?" என்று கேட்டார் சார்.

அன்றைக்கே ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். ஒளியியல் கணக்கு எதுவானாலும் முதலில் பென்சிலால் சின்னதாகக் கதிர்ப்படம் போட்டுவிடுவேன். பிம்பம் எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்று படமே சொல்லிவிடும். விடை அதோடு ஒத்துவராவிட்டால் குறியில்தான் கோளாறு.

அப்புறம் நேரத்தைக் கணக்குப் போட்டேன். 180 நிமிடம், 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டரை நிமிடம். ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பன்னிரண்டு நிமிடம், மூன்றுக்கு ஏழு, இரண்டுக்கு ஐந்து, ஒரு மதிப்பெண் பதினைந்துக்கும் சேர்த்து இருபது. இப்படிப் போனால் அரை மணிக்குப் பக்கமாக மிஞ்சும்.

தாளில் போடுவது சுலபம், கைக்கு வரத்தான் நாளானது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. பத்து மணிக்குப் பழைய வினாத்தாளோடு உட்கார்ந்து ஒன்றேகாலுக்குத்தான் எழுந்திருப்பேன். அதுவரை அம்மா யாரையும் அந்த அறைப் பக்கம் விடமாட்டார். முதல் இரண்டு வாரம் முடிக்க முடியவில்லை. மடக்கை அட்டவணை பார்ப்பதிலேயே நேரம் போனது. கால்குலேட்டர் கிடையாது என்பதால் தினமும் ராத்திரி ஐந்து பெருக்கல், ஐந்து வகுத்தல் அட்டவணை பார்த்தே போட்டேன். மூன்றாவது வாரம் கை பழகிவிட்டது.

பொதுத்தேர்வில் எனக்குப் பெரிதாக உதவியது வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம்தான். நிறையப் பேர் அதில் ஒரு மதிப்பெண் விடைகளை மனசுக்குள் போட்டுப் பார்ப்பார்கள். நான் நேராக 24க்கும் 33க்கும் போனேன். அவை இரண்டும் கட்டாயம், தப்ப வழியில்லை. அடுத்து, இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதில் ஆறு எழுதினால் போதுமே, எந்த மும்மூன்றை விடுவது என்று முடிவு செய்தேன். தெரிந்த கணக்கு இருந்தால் அதை விடவே கூடாது என்பது என் எண்ணம். சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு நான்கும் சரியாக இருந்தால் கணக்கில் குறைக்க இடமில்லை. விளக்க விடையில் எங்கே அரை மதிப்பெண் போகும் என்று நமக்குத் தெரியாது.

மணி அடித்ததும் ஒரு மதிப்பெண் வினாக்கள். குறியீடு, விடை இரண்டையும் எழுத வேண்டும். பிறகு அந்த இரண்டு கட்டாய வினா. தலை தெளிவாக இருக்கும்போதே ஐந்து மதிப்பெண் வினாக்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். வினா எண்ணை மட்டும் ஓரத்தில் பெரிதாகப் போட்டுக்கொண்டேன்.

முடித்தபோது இருபது நிமிடம் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து அலகுகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது, ஒன்றில் வோல்ட், ஒன்றில் டெஸ்லா. எழுதிவிட்டுத் தாளைக் கட்டிக் கொடுத்தேன். எழுத்துத் தேர்வில் 61 வந்தது.