கறுப்பில் எலும்பு இருக்கிறதா?

ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) வேலைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் விலை கேட்பார்கள், நாள் போனால் மஞ்சளாகுமா என்று கேட்பார்கள். இப்போது சிலர் "இது வீகன்தானே, விலங்குப் பொருள் எதுவும் இல்லையே?" என்றும் கேட்கிறார்கள். நான் வாங்கும் எபாக்ஸி ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் பெட்ரோலிய வழி ரசாயனங்கள். பார்க்க வேண்டியது நிறமியைத்தான்.

டப்பாவின் முன்பக்கத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. 'இயற்கையானது' என்று போட்டிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும், பூச்சியும் இயற்கைதானே! பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிற எண்தான் விஷயம். 'ஐவரி பிளாக்' டப்பாவில் பி.பி.கே. 9 (பி.பி.கே. என்றால் பிக்மென்ட் பிளாக், கறுப்பு நிறமி) என்று இருந்தால் அது விலங்கு எலும்பைக் காற்றுப் படாமல் கருக்கி அரைத்த தூள். பதிலுக்கு நான் எடுப்பது பி.பி.கே. 7, அதாவது கார்பன் பிளாக். குச்சி நுனியில் தொட்டு விட்டாலே ஒரு கப் ரெசின் கறுத்துவிடும். இரும்பு ஆக்ஸைடு கறுப்பான பி.பி.கே. 11-உம் நல்லதுதான், ஆனால் கனம். தண்ணீர் போலிருக்கும் ரெசினில் கலந்தால் அடியில் போய் உட்காரும். அதனால் கலவை தேன் பதத்துக்கு வரும்வரை பொறுத்து, இன்னொரு முறை கிளறி ஊற்றுகிறேன்.

சிவப்பில்தான் அதிகம் ஏமாற வாய்ப்பு. பளபளப்புக்குச் சேர்க்கும் மைக்கா (அப்பிரகம்) தூளைக் கனிமம் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். சில ரோஜா, சிவப்பு மைக்காக்களின் மேல்பூச்சில் கார்மைன் இருக்கும். கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. அதன் நிற எண் சி.ஐ. (கலர் இண்டெக்ஸ்) 75470. அது வெளிச்சத்தில் வெளுக்கவும் செய்யும் என்பதால், சுவரில் மாட்டும் வேலைக்கு எப்படியும் ஆகாது. பி.வி. 19 (ஊதா நிறமி), பி.ஆர். 122 (சிவப்பு நிறமி) ஆகிய குயினாக்ரிடோன் நிறங்கள் செயற்கையானவை, வெயிலையும் நன்றாகத் தாங்குபவை. முத்துப் பளபளப்புக்கு சி.ஐ. 75170 என்று இருந்தால் அது மீன் செதிலிலிருந்து வரும் குவானின்.

'விலங்குகளைத் துன்புறுத்தாதது' என்ற பேச்சு வந்தால் எனக்குத் தயக்கம்தான். டப்பாவில் அடைத்து விற்பவர் விலங்குகள் மேல் சோதிக்காமல் இருக்கலாம், மூலப்பொருள் செய்தவர்? இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் போடுவேன். மழுப்பலாகப் பதில் வந்தால், பில்லில் 'விலங்குப் பொருள் சேராத நிறமி' என்று மட்டும் எழுதுவேன். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை.

மனிதர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? ஜார்க்கண்ட், பீகார் மைக்கா சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை வெளிவந்த செய்தி. மைக்கா எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், ஆலையில் செய்யும் செயற்கை மைக்காவுக்குப் போய்விடுகிறேன். விலை கூடுதல், மினுமினுப்பும் தெளிவு.

அப்புறம் பாலிஷ். கடைசியில் தேய்க்கும் மெழுகில் பல சமயம் தேன்மெழுகு இருக்கும். வீகன் ஆர்டர் என்றால் கார்னாபா மெழுகு வாங்குங்கள், அது கார்னாபா என்ற பனை வகை மரத்தின் ஓலையிலிருந்து வருவது. அதிலும் தேன்மெழுகு கலந்து விற்கிறார்கள், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.