இடது கையோடு ஒரு மல்லுக்கட்டு

மயிலாப்பூர் வீட்டு முன்னறையில்தான் பியானோ சொல்லித்தருகிறேன். 88 கட்டைகளைப் பார்த்து மிரளும் குழந்தையிடம், இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேடு, அதற்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைதான் 'சி' ஸ்வரம் என்பேன், முதல் நாளுக்கு அது போதும். பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளைகளுக்குக் காது கூர்மை, ஆனால் குரலில் அசைப்பது போல் பியானோவில் ஸ்வரத்தை அசைக்க முடியாதே என்று தவிப்பார்கள்.

பியானோ தேர்வுகளில் மேல்படியான எட்டாம் கிரேடு மாணவரிடமும் நான் மல்லுக்கட்டுவது இடது கையோடுதான். வலது கை பாடும்போது இடது கை அதை அமுக்கிவிடக் கூடாது, அதற்காகத் தனித்தனியாக, பாதி வேகத்தில் வாசிக்கச் சொன்னால் முகம் சுருங்கும், விட மாட்டேன்.

வீட்டில் 61 கட்டை கீபோர்டு போதுமா? சில மாதங்களுக்குச் சரி. அப்புறம் பியானோவில் போல் அழுத்தினால் கனம் தெரிகிற, எடையுள்ள கட்டைகள் வேண்டும், இல்லாவிட்டால் மென்மையும் அழுத்தமும் விரலுக்குப் பழகாது.