பினாங்கில் ஒரு மூடிய முற்றம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாட்டையா கட்டிய எங்கள் வீட்டை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, செப்பனிட்டு, பயணிகள் தங்கும் விடுதியாக நடத்த விரும்புவதாக ஒரு நிறுவனத்தார் சென்ற ஆவணியில் வந்து கேட்டார்கள். 11 பங்காளிகளில் பெரும்பாலோர் இசைந்துவிட்டோம். பொங்கலுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் பூட்டுத் திறக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றவும் ஒழுகல் அடைக்கவும் ஆகும் செலவை இனியும் பங்கு பிரித்துக் கொடுக்க எங்களால் இயலவில்லை. அந்த நேரத்தில்தான் என் தந்தையை, எங்கள் வழக்கில் அப்பச்சியை, அழைத்துக்கொண்டு மலேசியாவின் பினாங்குக்குப் போக வேண்டியிருந்தது. பழைய வீடு விடுதியானால் அதில் படுத்து எழுபவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை விருந்தாளியாகவே இருந்து பார்த்துவிடலாம் என்று, அங்குள்ள ஜார்ஜ் டவுன் நகரில், கீழே கடையும் மேலே வீடுமான ஒரு கடைவீட்டைச் செப்பனிட்டு நடத்தும் சிறு விடுதியில் நான்கு இரவுகளுக்கு அறை பதிவு செய்தேன். அங்கே மகிழ்ந்ததும் உண்டு, வருந்தியதும் உண்டு. பங்காளிகளுக்காகவும், வீட்டைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்காகவும் இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

அப்பச்சிக்கு 76 வயது. அவருடைய அப்பச்சி, அதாவது எங்கள் ஐயா, பினாங்குத் தெருவில், வட்டித் தொழில் நடத்தும் கூடமான ஒரு கிட்டங்கியில் முதலில் அடுத்தாளாகவும் (உதவியாளர்) பிறகு மேலாளாகவும் (பொறுப்பாளர்) இருந்தவர். மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊருக்கு வரும்போதெல்லாம் தண்ணீர்மலையான் கோவில் விபூதியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1857ஆம் ஆண்டில் எங்கள் நகரத்தார் சமூகத்தவர் பினாங்கில் கட்டிய அந்தத் தண்டாயுதபாணி கோவிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட வேண்டும் என்பது அப்பச்சியின் நெடுநாள் வேண்டுதல். புறப்பட்ட நாள் முதல் சாமி கும்பிடும் வரை சைவம் என்று விரதமும் எடுத்துக்கொண்டார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு. பயணத்தைப் பற்றிச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

விடுதியின் வாசலில் கால் வைத்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்று சொல்லும், வீட்டு முகப்புக்கும் தெருவுக்கும் இடையே நிழல் தரும் நடைபாதையில் பழைய பூக்கல் தரை அப்படியே இருந்தது. உடைந்துபோன கற்களுக்குப் பதிலாகப் பழையது போலவே தோற்றம் தரும் போலிக் கற்களைப் பதிக்காமல், சாதாரணச் சிவப்புக் கல்லைப் பதித்து, இது பழையது, இது புதியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி விட்டிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வளர்ந்தவனுக்கு அந்த நேர்மை எவ்வளவு பெரியது என்று தெரியும். உள்ளே நடந்தால், தெருப்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் மிக நீளமாகவும் போகும் அந்த வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று. நம் வீடுகளின் நடுமுற்றப் பகுதியான வளவில் உள்ளதைப் போல நாற்புறமும் தூண் வரிசையும் தாழ்வாரமும் கிடையாது. நான்கு பேர் நிற்கும் அளவே இடம். ஆனாலும் வேலை அதே வேலைதான்: வெளிச்சத்தைக் கீழே இறக்குகிறது, வெப்பக் காற்றை மேலே அனுப்புகிறது, மழையை வீட்டுக்குள் வரவேற்கிறது. நாங்கள் போய் இறங்கிய மாலையில் நல்ல மழை. ஓட்டு விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் நீர் இறங்குவதை அப்பச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். "கெடாரத்த எடுத்து வைக்கலாம் போலருக்கேப்பா" என்றார். மழைநாளில் முற்றத்து மூலையில் பித்தளைக் கிடாரம் வைத்து நீர் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை அவர்.

அந்த ஊரில் இத்தனை கடைவீடுகள் விடுதிகளானதற்கு ஒரு காரணம் உண்டு. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்தவிடாமல் காத்துவந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்கள் வெளியேற, வீடுகள் காலியாயின. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பின் காலி வீடுகளுக்கு முதலீடு வந்தது. நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் அந்தப் பட்டியலுக்கான உத்தேச வரிசையில் நிற்கின்றன. நம் வீடுகளை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை, நாமாகவே பூட்டிவிட்டு வந்தோம் என்பதுதான் வேறுபாடு.

எங்கள் அறை பின்கட்டில், மாடியில் இருந்தது. மரப்படிகள் 19, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது அங்குல உயரம். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டுமே இருந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. பழைய படியை மாற்றக் கூடாது என்பது எனக்கும் உடன்பாடே. ஆனால் வயதானவர் வருகிறார் என்று பதிவின்போதே எழுதியிருந்தேன்; படி இப்படி இருக்கும் என்று ஒரு வரி பதில் எழுதியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

அறைக்குள் போனதும் வந்த முதல் உணர்வு ஈர வாடை. ஒரே ஒரு சன்னல்தான், அது வீட்டின் இரண்டாவது முற்றத்தைப் பார்த்துத் திறந்தது. திறந்து மேலே பார்த்தால் வானம் இல்லை. குளிர்சாதனக் காற்று வெளியேறாமல் இருப்பதற்காக அந்த முற்றத்தின் தலையில் கண்ணாடிக் கூரை போட்டு அடைத்துவிட்டார்கள். வெளிச்சம் வருகிறது, காற்று வரவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றோட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் அது நூறாண்டு நிற்கிறது. மேலே அடைத்து, உள்ளே குளிரூட்டி, போதாததற்குச் சுவரின் அடிப்பாகத்தில் சிமெண்டும் பூசிவிட்டால் ஈரம் எங்கே போகும்? கட்டில் தலைமாட்டில் ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து வண்ணம் உரிந்திருந்தது. எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசிய சுவரும் இதே போலத்தான் உரிந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்தவர்கள் நாங்கள்தான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அன்றிரவு அப்பச்சி இருமிக்கொண்டே இருந்தார். காலையில் மேலாளரிடம் சென்று, இணையத்தில் இந்த அறைக்குப் போட்டிருந்த படத்தில் திறந்த முற்றம் அல்லவா இருந்தது என்று கேட்டேன். அந்தப் படம் முன்முற்றத்துடையது என்றும், வேறு அறை காலி இல்லை என்றும், முன்பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்றும் அவர் மிகவும் மரியாதையாகவே சொன்னார். மரியாதையில் குறையில்லை, படம் தவறு என்பதை மட்டும் கடைசி வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அதைவிட என்னை வருத்தியது அன்றைய காலை உணவு. பெரியவர் விரதத்தில் இருக்கிறார், மீனும் இறைச்சியும் முட்டையும் ஆகாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றை, முட்டையையும் நெத்திலியையும் எடுத்துவிட்டுச் சைவம் என்று கொண்டுவந்து வைத்தார்கள். சம்பால் சிவப்பாக, நம் மிளகாய்த் துவையல் போலவே இருந்தது. அப்பச்சி ஒரு வாய் உண்டுவிட்டு, "என்னமோ கவுச்சி வாடையா இருக்கே" என்றார். சமையல்காரப் பெண்மணியை அழைத்துக் கேட்டபோதுதான், அரைக்கும்போதே பெலாச்சான் சேர்ப்பது வழக்கம் என்றார். பெலாச்சான் என்பது இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இறுக்கிய கட்டி, கண்ணுக்குத் தெரியாது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, முகம் வாடிப்போய்ப் பலமுறை மன்னிப்புக் கேட்டார். அப்பச்சி வாய் கொப்பளித்துவிட்டு, குளித்து, அன்று முழுவதும் தண்ணீரும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டார். எண்பதை நெருங்கும் ஒருவரின் விரதம் ஒரு தேக்கரண்டிச் சம்பாலில் கலைந்ததை என்னால் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து லிட்டில் இந்தியாவில் இட்டலியும் தோசையும் கிடைக்கும் கடையைத் தேடிக்கொண்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த விடுதியை முற்றிலும் வெறுக்க முடியாமல் போனதற்கு இரவுக் காவலுக்கு வரும் தம்பி ஒருவர்தான் காரணம். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழர். இரண்டாம் இரவு அப்பச்சி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, மேல ஏற வேணாம், இங்கயே படுத்துக்குங்க, காலைல ஆறு மணிக்கு நான் எழுப்பிவிடுறேன்" என்று சொல்லி, தன் அறையிலிருந்த மெத்தையைக் கொண்டுவந்து முன்முற்றத்தின் ஓரமாக விரித்தார். அது பொது இடம், விதிப்படி கூடாது. அவர் அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். மீதி மூன்று இரவும் அப்பச்சி அங்கேதான் படுத்தார், ஒருமுறைகூட இருமவில்லை. கிட்டங்கியில் தன் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்து, தலைமாட்டில் சாவியை வைத்துக்கொண்டு ஐயா படுப்பாராம். இருட்டில் அப்பச்சி அதை அந்தத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தது மாடியில் எனக்குக் கேட்டது. பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்கும் வீடு அது.

மூன்றாம் நாள் கோவிலில் அர்ச்சனை நல்லபடியாக நடந்தது. திரும்பும் வழியில் பினாங்குத் தெருவில், தைப்பூசத்துக்கு வெள்ளிரதம் புறப்படும் கோவில் வீட்டின் முன் அப்பச்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்றார்.

விடுதியை விட்டுப் புறப்படும்போது, வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் என்னும் சுற்றுலா வரியையும் சேர்த்துக் கணக்கு முடித்தேன். காவல்காரத் தம்பிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அவர் வாங்கவில்லை. அப்பச்சி பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுபோன சீப்புச் சீடைப் பொட்டலத்தை நீட்டினார். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இளவயதினர் இருவர் போவதானால், முன்பக்கத்து அறை கிடைக்குமானால், அந்த விடுதியில் தங்கும்படி நானே சொல்வேன். அப்பச்சியை மறுபடி அங்கே அழைத்துப்போக மாட்டேன்.

ஊர் திரும்பியதும் பங்காளிகளைக் கூட்டிப் பேசி, குத்தகைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லி மூன்று நிபந்தனைகளை எழுதி அனுப்பினோம். சுவரில் சிமெண்டு படக் கூடாது. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஆணின் குடும்பத்துக்கும்) ஒதுக்கிய கீழறைகளில் இரண்டையாவது படியேற முடியாதவர்களுக்கென்று வைத்திருக்க வேண்டும். முற்றத்தின் மேல் கண்ணாடியோ தகடோ எதையும் போட்டு அடைக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் சம்மதம் என்று அந்த நிறுவனத்தார் ஒரே வாரத்தில் எழுதிவிட்டார்கள். முற்றத்தைப் பற்றி அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கையெழுத்துப் போடுவதில்லை என்று அப்பச்சி சாவிக்கொத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறார்.