பிளஸ் இரண்டரை

பாளையங்கோட்டையில் கண் பரிசோதனை செய்வதுதான் இருபது வருஷமாக என் வேலை. எங்கள் திருச்சபைச் சேகரத்திலிருந்து லடாக்கில் ஒரு பௌத்தக் கிராமத்துக்குப் பத்து நாள் மிஷன் பயணம் புறப்பட்டபோது, கண் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சந்தோஷமாகச் சம்மதித்தேன். கிட்டத்து எழுத்தை வாசிக்க உதவும் கண்ணாடிகள், பிளஸ் ஒன்று முதல் மூன்று வரையான பவரில், 240 கட்டினோம். குழுவினர் இயேசுவைப் பற்றி அச்சிட்டு விநியோகிக்கும் கைப்பிரதித் தாள்களும் ஒரு கட்டு கொண்டுவந்தார்கள்.

லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு நாள் படுத்தே கிடந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் ஊருக்குள் போனோம். வாசலில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீளமான மணிச்சுவர். அது நம் வலப்பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும் என்றார் உள்ளூர் ஆசிரியர். அப்படியே நடந்தோம்.

பேச்செல்லாம் சங்கிலிதான். நான் தமிழில் கேட்பேன், எங்களோடு வந்த பட்டாளத்து மாமா இந்தியில் சொல்வார், ஆசிரியர் லடாக்கியில் சொல்வார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு, மூன்று கால் நீட்டிய ஆங்கில ஈ எழுத்தைத் திசை மாற்றிப் போட்ட அட்டை. கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். வெள்ளைவிழியிலிருந்து கருவிழிமேல் சதை படர்ந்த கண்களை நிறையப் பார்த்தேன். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இதே சதைதான். அங்கே உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில். இங்கே பனியில் பட்டு வருகிற வெயில், அதுவும் மெலிந்த காற்றில். ஊர் தெரியாத கவலை அந்தக் கண்களைப் பார்த்ததும் போய்விட்டது.

முகாமின் இரண்டாம் நாள் காலை, குழுத் தலைவர் கைப்பிரதிக் கட்டை என் மேஜையில் வைத்தார்.

“ஏம்மா, கண்ணாடியோட ஒரு தாளும் கொடுத்தா என்ன?”

“வேண்டாம் அண்ணாச்சி. கண்ணாடி வேணும்ங்கிறதுக்காவ மறுக்க முடியாம வாங்குவாவ. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் முகம் வாடியது. அவருடைய பாரத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியத்தைத் தாங்கிய அம்மாவின் பிள்ளை நான். ஆனால் பார்வைக்காக வரிசையில் நிற்கிறவரிடம் விசுவாசத்தை நீட்டுவது அவருடைய தேவையைப் பிடித்து இழுப்பது. எங்களோடு வந்த சபைப் போதகர் ஐயர் என் பக்கம் நின்றார். கட்டு திரும்பப் பெட்டிக்குள் போனது. அன்று மாலை வெண்ணெய்த் தேநீர் கொடுத்த ஒரு பாட்டி, “இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க?” என்று தானாகவே கேட்டார். ஐயர் இயேசுவைப் பற்றிச் சொன்னார். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, தன் ஜெபமாலையைக் காட்டி அதைப் பற்றிச் சொன்னார். நாங்களும் முழுக்கக் கேட்டோம்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் வயதான லாமா ஒருவர் வந்தார். துணியில் சுற்றிய நீள ஏடுகளைப் பிரித்துக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிளஸ் இரண்டு சரிவரவில்லை. இரண்டரை போட்டதும் முதல் வரியைச் சத்தமாக வாசித்தார், அடுத்த வரி, அதற்கடுத்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் சபைக் காணிக்கையில் வாங்கிய கண்ணாடியில் அவர் தம் வேதத்தை வாசித்தார். குழுவில் சிலருக்கு அது சங்கடமாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆசிரியர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை: “இது உடைஞ்சா யார்கிட்ட போறது?” மிஷனரி கால்டுவெல் 1841-இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு எங்கள் பக்கம் இருந்தார். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-இல்தான் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் மிஷனரிகள், இமாச்சல மலைப்பகுதியான லாகூலில், கேலாங் என்ற ஊரில் மிஷன் தொடங்கினார்கள். 1885-இல் லேவுக்கு வந்தார்கள். அவர்களில் யேஷ்கே திபெத்திய மொழியைக் கற்று அகராதியே எழுதினார். அவர்கள் தங்கினார்கள். எங்களுக்குப் பத்தாம் நாள் திரும்ப டிக்கெட்.

கடைசி ராத்திரி ஆசிரியரை உட்காரவைத்து, அட்டையைப் பிடிக்கும் தூரம், எந்த வயதுக்கு எந்தப் பவரில் தொடங்குவது, புரையென்று சந்தேகம் வந்தால் லே மருத்துவமனைக்கு அனுப்புவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மிச்சமிருந்த 31 கண்ணாடிகளையும் அட்டையையும் அவரிடமே விட்டுவந்தேன்.

நவம்பரில் பட்டாளத்து மாமாவுக்குப் போன் வந்தது. பிளஸ் இரண்டரை தீர்ந்துவிட்டதாம், பத்து வேண்டுமாம். மறுநாளே தபாலில் போட்டேன்.