பள்ளத்திலிருந்து மேட்டுக்கு: நாங்கள் வீடு மாறியது

வீடு மாறி இரண்டு மாதம் ஆகப்போகிறது. சாமான் ஏற்றி வந்த கம்பெனியின் சூப்பர்வைசர் தெருமுனையில் நின்று, "மேடம், வண்டி இதுக்கு மேல ஏறாது, இங்கயே இறக்கிடறோம்" என்று சொன்னதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீடு மாறப்போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது வேளச்சேரியில், தரைத்தளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சரி, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மழை என்று எல்லோரும் சொன்னார்கள், நம்பி அங்கேயே இருந்துவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி முழங்காலுக்கு மேல் தண்ணீர். மெத்தை, மிக்ஸி, பையனின் புத்தகங்கள், கீழ்த்தட்டில் வைத்திருந்த காகிதக் கோப்பு எல்லாம் போயின. அன்றைக்கே அத்தை சொல்லிவிட்டார்கள், "இனிமே மேடா இருக்கற இடம்தான், வாடகை கூட இருந்தாலும் பரவாயில்ல" என்று. பல்லாவரத்தில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் முதல் மாடி வீடு கிடைத்தது. வீடு தேடியது, அட்வான்ஸ் கொடுத்தது, பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டது எல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தன.

ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. அதனால் ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புகிறார்கள். வண்டி கிடைப்பதே பாடு. மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டோம். குறைவாகச் சொன்னவரிடம் 13,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதைப் பேச்சு முடிந்த பிறகுதான் சொன்னார்கள். வீடியோ காலில் வீட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு அறையாகக் காட்டினேன், பரண் வரைக்கும் காட்டினேன். புது வீட்டைப் பற்றி அவர்கள் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. நானாகத்தான், "மலைப் பக்கம், தெரு கொஞ்சம் ஏற்றமா இருக்கும், குறுகல்" என்று சொன்னேன். "அதெல்லாம் எங்க வண்டி ஏறிடும் மேடம்" என்றார். இதை நான் எழுத்தில் வாங்கவில்லை. அந்த ஒரு வரி வாட்ஸ்அப்பில் இருந்திருந்தால் அன்றைக்குத் தெருவில் நின்று சண்டை போட்டிருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று முடிவு செய்தோம். விடியற்காலையிலேயே நானும் அவரும் சாமி படம், உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, நிறைகுடம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வேளச்சேரிக்குத் திரும்பிவிட்டோம். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்தரைக்கும் வரவில்லை. ராகு காலத்துக்கு முன் ஒரு பெட்டியாவது ஏற்றிவிட வேண்டும் என்று அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். பதினொன்றேகாலுக்கு வந்தார்கள். காலையில் வேறொரு வீட்டை முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான்கு பேர் என்று பேசியது, வந்தது மூன்று பேர். ஏற்றி முடிக்க இரண்டரை ஆகிவிட்டது.

அடுத்தது நாங்களே செய்த தப்பு. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும் என்பது சென்னையில் யாருக்குத் தெரியாது? பழைய டிரங்க் ரோட்டில் பழைய ஃபேன், செடி, சைக்கிள், புறா என்று எல்லாம் விற்கிற சந்தை. நானே அங்கே போய் மரச்சட்டங்கள் வாங்கியிருக்கிறேன். நாள் பார்த்தபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை. கீழ்க்கட்டளையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருந்த இடத்தில் அரை மணி நேரம் போயிற்று. அதைத் தாண்டி ரேடியல் ரோட்டில் வந்தவர்கள், செல்போன் காட்டிய குறுக்கு வழியில் திரும்பி நேராகச் சந்தைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் புது வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தோம். வண்டி வந்தபோது ஐந்து மணி.

வந்தும் தெருமுனையோடு நின்றுவிட்டது. பதினான்கு அடி வண்டி. தெருவின் ஏற்றம் ஒரு பக்கம், வாசலுக்கு வாசல் நிறுத்தியிருந்த பைக்குகள் ஒரு பக்கம், கைக்கெட்டுகிற உயரத்தில் தொங்கும் கேபிள் ஒயர்கள் வேறு. முனையிலிருந்து எங்கள் வீடு இருநூறு மீட்டர் இருக்கும். டிரைவர் ஒருமுறை ஏற்றிப் பார்த்தார். பாதியில் வண்டி பின்னால் நழுவ, ஒருவர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். அதோடு சரி. சூப்பர்வைசர் கையால் தூக்கிச் சுமக்க ஆறாயிரம் ரூபாய் தனியாகக் கேட்டார், இல்லாவிட்டால் இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார்.

முனையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னிடம் வந்து, "தண்ணி லாரியே இங்கதான்மா நிக்கும், மேல டியூப் போட்டுத்தான் விடுவான்" என்றார். இந்த ஒரு கேள்வியை முன்பே கேட்டிருக்கலாம். மேட்டுப் பகுதியில் வீடு பார்க்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: தண்ணி லாரி எதுவரை வருகிறது? அது வாசல் வரை வந்தால் சாமான் வண்டியும் வரும். அது முனையில் நின்றால் உங்கள் பீரோவும் முனையில்தான் நிற்கும். வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், தரகர் சொல்லவே மாட்டார். தெருமுனைக் கடையில்தான் கேட்க வேண்டும்.

அந்த அக்காவே ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி) ஓட்டுகிற தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். நான்கு நடை, மொத்தம் 1,800 ரூபாய். இறக்கி மாற்றி ஏற்றுகிற கூலிக்குச் சூப்பர்வைசரிடம் பேசிப் பேசி ஆறாயிரத்தை 2,500 ஆக்கினேன். பேசிய ஆட்களில் ஒருவர் குறைந்ததையும், மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததையும் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் வேலை செய்தது. மீதிப் பணம் என் கையில் இருந்தது இன்னொரு காரணம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்.

அந்தக் குட்டி யானைத் தம்பிக்குத் தொழில் தெரிந்திருந்தது. ஏற்றத்தில் சாமான் எல்லாம் பின்பக்கம் சரியும் என்று, முதலில் மெத்தையை மடித்துப் பின்கதவோடு சேர்த்து வைத்தார். பிரிட்ஜை நிற்க வைத்தே கட்டினார். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். பெரிய கம்பெனிக்காரர்கள் கல்லை உள்ளேயே விட்டுக் கொண்டுவந்ததில் கிரைண்டரின் டிரம் ஏற்கெனவே நசுங்கியிருந்தது.

பீரோதான் கடைசி. சும்மாடு மாதிரித் துண்டை மடித்து முதுகில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பீரோவுக்குக் குறுக்கே கட்டித் தோளில் மாட்டி, ஒருவர் குனிந்து அதைத் தூக்கினார். இன்னொருவர் பின்னாலிருந்து அடியைத் தாங்கினார். மாடிப்படித் திருப்பத்தில் பீரோவின் கால் ஒன்று சுவரில் இடித்துப் படக்கென்று ஒடிந்தது. 2023 தண்ணீரில் துருப்பிடித்திருந்த கால். அந்த மனிதர் கீழே விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வரைக்கும் கொண்டுபோய் வைத்தார். அவருக்கு மட்டும் தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். இரவு பத்தரை மணி. மூன்று அட்டைப்பெட்டிகள் பெரிய வண்டியிலேயே தங்கிப்போய் மறுநாள் மத்தியானம்தான் வந்தன. பெட்டிகளுக்கு எண் போட்டு எழுதி வைத்திருந்ததால்தான் 14, 15, 22 வரவில்லை என்று அந்த நேரத்திலும் சொல்ல முடிந்தது.

கேஸ் இணைப்பு மாற்றம் அடுத்த தலைவலி. பழைய ஏஜென்சியில் இருந்தவர் தலை நிமிராமலே, "எஸ்.வி. கொண்டு வாங்க" என்றார். இணைப்பு வாங்கியபோது கொடுத்த அந்தக் காகிதம் வெள்ளத்தில் போன கோப்பில் இருந்தது. சொன்னேன். "அப்ப சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சிட்டு அங்க புதுசா எடுத்துக்கோங்க" என்றார். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுப் போன நாள் அது. வெறுங்கையோடு திரும்பினேன். வெளியூருக்குப் போகிறவர்கள்தான் சிலிண்டரை ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும். ஊருக்குள்ளேயே மாறுகிறவர்கள் இணைப்பை மாற்றிக்கொண்டால் போதும், சிலிண்டர் கையிலேயே இருக்கும். இது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை போனபோது வேறு ஒரு பெண் இருந்தார். நுகர்வோர் எண்ணைத் தட்டிப் பார்த்து, காகிதம் தொலைந்துவிட்டது என்று ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார். அவருக்கு நன்றி. அந்த எண் பழைய சிலிண்டர் ரசீதில் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டு ஓனர் விஷயத்தில்தான் எனக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது. 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டாலும், நாங்கள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்தவர்கள். பீரோவை நகர்த்தியதும் அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பழுப்புக் கோடு, முழங்காலுக்குச் சற்று மேலே, ஸ்கேல் வைத்து இழுத்தது போல. தண்ணீர் நின்ற மட்டம். அதைக் காட்டிச் சுவரைப் பாழாக்கிவிட்டோம் என்று சொல்லி, பெயிண்டிங்குக்கு இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மெத்தையையும் புத்தகத்தையும் கொண்டுபோன அதே தண்ணீர். வெள்ளத்தின்போது எடுத்த போட்டோக்களை அனுப்பி, அக்ரிமெண்ட்டில் ஒரு மாதம் என்றுதான் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லி, இன்னொரு மாதத்தை மீட்டோம். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. காலி செய்கிற அன்றைக்குக் கரண்ட் மீட்டரையும் போட்டோ எடுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள், நடுவில் போகிறவர் தலையில் எதையும் கட்டிவிடலாம்.

ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 எல்லாம் ஆன்லைனிலேயே ஆகிவிட்டன. வேளச்சேரி சென்னை மாவட்டம், பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம் என்பதை மட்டும் விண்ணப்பத்தில் கவனித்துப் போடுங்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு பெரிய மழை வந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியதாகப் போனில் சொன்னார்கள். இங்கே தெருவில் தண்ணீர் ஓடை மாதிரி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும், கூடத்தில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அத்தை விளக்குப் போடாமல் கட்டிலிலிருந்து ஒரு காலை மட்டும் இறக்கித் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காஞ்சுதான்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு, காலை மேலே இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்கள்.